வாசல்வரை நடந்தவர்

1

எனக்கு வயது எழுபத்திரண்டு. நாலு பிள்ளைகளை வளர்த்தேன். மூன்று ஆண், கடைசியில் ஒரு பெண். நாலு பேரில் ஒருவரையும் படிப்பைப் பாதியில் நிறுத்த விடவில்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பாறசாலைப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்துதான் இது. ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டும். இந்த ஊரில் என்னை அவசரப்படுத்துகிறவர்கள் யாரும் இல்லை.

இது கனடாவில் ஹாமில்டன் என்ற ஊர். மகள் ஷைனி வீட்டில் இருக்கிறேன். அவள் கணவர் சஜி பெரிய லாரி ஓட்டுகிறார், வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். ஒரே பேத்தி, ரியா, ஒன்பது வயது. நான் வந்தது ரியாவைப் பார்த்துக்கொள்ள.

நம் ஊர்ச் சபை மலருக்கு வெளிநாட்டில் இருக்கிறவர்களும் எழுத வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். பனி எப்படி, சாப்பாடு எப்படி, பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்களா என்றெல்லாம் எழுதச் சொன்னீர்கள். அதையும் எழுதுகிறேன். ஆனால் இன்று பேனாவை எடுத்தது அதற்காக இல்லை.

இன்று என் வீட்டுக்காரருக்கு ஓராண்டு நினைவு ஜெபம். அங்கே சாயங்காலம், இங்கே விடிந்து கொஞ்ச நேரம். எங்கள் அமரவிளை வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு நாற்காலி வரிசையாக நிரத்தியிருந்ததை மூத்தவன் வில்சன் போனில் காட்டினான். நீங்கள் பாடினீர்கள். நானும் இங்கே இருந்து பாடினேன். ஷைனி போன் பக்கமே வரவில்லை. அடுக்களையில் கழுவின பாத்திரத்தையே திரும்பவும் கழுவிக்கொண்டு நின்றாள்.

ஜெபம் முடிந்ததும் சொன்னாள்: "அம்மா, நான் அந்த ஃபெலோஷிப்பை வேண்டாம்னு எழுதிக் குடுக்கப் போறேன். இந்த வாரம் பதில் சொல்லணும். வயசானவங்களைப் பாக்கிற ஒரு ஹோம்ல வேலை கேட்டிருக்கேன்."

"ஏன் மக்கா?"

"எனக்க படிப்பு எனக்க அப்பாவையே எழுப்பல்ல. இனி யாரை எழுப்ப?"

அதற்கு என்னிடம் பதில் உண்டு. ஒரு வருடமாக உண்டு. வாயால் சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

2

ஷைனி என்ன படிக்கிறாள் என்று நீங்கள் எல்லாரும் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். அதியன்னூரில் ஒரு கல்யாண வீட்டில், பக்கத்தில் இருந்த டீச்சர் ஒருவர், மகள் டாக்டரா என்று மலையாளத்தில் கேட்டார், "மோளு டாக்டராணோ?"

"ஆணு," ஆமாம் என்று நானும் மலையாளத்தில் சொன்னேன்.

"ஏது ஆசுபத்திரியிலா?"

"ஆசுபத்திரியில் இல்ல. மருந்து எழுத மாட்டா. ஊசியும் போட மாட்டா."

"பின்னே எந்து டாக்டர்?"

அப்படியானால் என்ன டாக்டர் என்று கேட்டதும் அன்று எனக்குக் கோபம் வந்து சாம்பாரை வாங்காமல் ரசத்துக்குப் போய்விட்டேன். இப்போது பொறுமையாகச் சொல்கிறேன்.

சின்ன வயதில் அவள் ஓட்டப் பந்தயக்காரி, நெய்யாற்றின்கரையில் ஓடி ஜெயித்து சர்ட்டிபிகேட் கொண்டுவருவாள். உடற்பயிற்சிப் படிப்பில் சேர்ந்தாள். உடம்பு அசைந்தால் உள்ளே என்ன நடக்கிறது, அசையாவிட்டால் என்ன நடக்கிறது என்பது அவளுடைய படிப்பு. அதில் இந்த ஊருக்கு வந்து டாக்டர் பட்டம் வாங்கினாள். பட்டம் வாங்கினால் முடிந்தது என்று நான் நினைத்தேன். அதற்குப் பிறகும் ஒன்று உண்டு, போஸ்ட்டாக் என்று பெயர். வேலையும் இல்லை, படிப்பும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் நிற்கிற நிலை. பெரிய பேராசிரியர் ஒருவருக்குக் கீழே ஆராய்ச்சி செய்ய வேண்டும். அதற்குத் தருகிற உதவிதான் ஃபெலோஷிப். அது சில காலத்துக்குத்தான். தீரும் முன்னால் அடுத்ததற்கு விண்ணப்பம் போட வேண்டும். நூறு பேர் போட்டால் சிலருக்குக் கிடைக்கும். கிடைக்காவிட்டால் மூட்டையைக் கட்டு என்று அர்த்தம்.

ஷைனிக்கு அடுத்தது கிடைத்துவிட்டது. கிடைத்ததைத்தான் வேண்டாம் என்கிறாள்.

அவள் ஆராய்ச்சியில் முதலில் எனக்குப் புரியாதது ஒன்று. என் வயதுக்காரர்களைக் கூப்பிட்டு இடுப்பில் ஒரு சின்னக் கருவியை மாட்டிவிடுவாள். அது எத்தனை அடி வைக்கிறார்கள் என்று எண்ணும். பிறகு சொல்வாள், இனி இரண்டு வாரம் நடக்காதீர்கள், எவ்வளவு குறைத்து நடக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள் என்று. சாயங்காலம் போன் போட்டு, "நேத்து ரொம்ப நடந்திட்டீங்க, இன்னைக்குத் தயவு செய்து உக்காருங்க" என்று அவர்களிடம் இங்கிலீஷில் கெஞ்சுவதை ரியா எனக்குச் சொல்லித் தந்தாள். நடந்ததற்குத் திட்டுகிற டாக்டரை நான் அதுவரை கண்டதில்லை.

"இது என்ன வேலை மக்கா?" என்றேன்.

"அம்மா, காய்ச்சல் வந்தாலோ கால் முறிஞ்சாலோ வயசானவங்க படுத்திருவாங்க இல்லியா. அப்ப காலில உள்ள சதை எவ்வளவு சீக்கிரம் போவுதுன்னு பாக்கணும். சின்னப் பிள்ளைங்களுக்குப் போனது திரும்ப வந்திரும். உங்க வயசில போனது முழுசா வராது. அதைத் திரும்பக் கொண்டுவர என்ன செய்யணும்னுதான் பாக்கிறோம்."

ஒரு நாள் என்னையும் அவள் ஆராய்ச்சி செய்கிற இடத்துக்குக் கூட்டிப்போனாள். டோரதி என்ற கிழவி, என்னைவிட மூத்தவள், இரண்டு வாரம் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தாள். கைப்பிடி இல்லாத நாற்காலியிலிருந்து கையை மார்பில் கட்டிக்கொண்டு எழும்ப வேண்டும். எழும்பினாள். ஆனால் எழும்பும்போது அவள் முகத்தில் ஒரு ஆச்சரியம் வந்தது, தன் கால் தன் கால் இல்லை என்பதுபோல. நடக்கும்போது ஷைனி அவள் இடுப்பில் ஒரு அகலமான பெல்ட்டைக் கட்டி, பின்னாலிருந்து அதைப் பிடித்துக்கொண்டாள். ஆளைத் தொடவில்லை, பெல்ட்டைத்தான் பிடித்தாள்.

போகும்போது டோரதி என்னைப் பார்த்து எப்படி இருக்கிறீர்கள் என்றாள். கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று நான் முட்டுவலி, பிரஷர், ராத்திரி தூக்கம் வராதது எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். அவளும் நின்று கேட்டாள். வெளியே வந்ததும் ஷைனி சிரித்தாள். "அம்மா, இங்க அப்படிக் கேட்டா நல்லாயிருக்கேன்னு மட்டும் சொல்லணும்."

"பின்ன என்னத்துக்குக் கேக்காங்க?"

அவள் அப்படிச் சிரித்து இப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

3

அவர் விழுந்தது அமரவிளை வீட்டுக் குளிமுறியில். ஆயுசு முழுக்கச் சாரத்தில் நின்று வேலை செய்த கொத்தனார். அமரவிளையிலிருந்து வெள்ளறடை வரைக்கும் எத்தனையோ வீட்டுச் சுவர் அவர் கட்டினது. உங்களில் பலர் அந்தச் சுவருக்கு உள்ளேதான் இதை வாசிப்பீர்கள். உயரத்திலிருந்து ஒரு நாளும் விழாதவர் சோப்புத் தண்ணீரில் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்தார்கள். நன்றாகவே செய்தார்கள், வில்சனிடம் டாக்டர், "வீட்டுக்குப் போன மறுநாளே எழுப்பி நிறுத்தணும், நடத்தணும்" என்று சொல்லித்தான் வீட்டுக்கு விட்டார்.

நான் உடனே புறப்படப் பார்த்தேன். என் பாஸ்போர்ட் காலம் முடிந்து, புதுப்பிக்கக் கொடுத்திருந்தோம். அது கையில் வராமல் விமானம் ஏற முடியாது. பாஸ்போர்ட் ஆபீசில் கையெழுத்துப் போடச் சொன்னபோது அந்தச் சின்னக் கட்டத்துக்குள் என் பெயர் அடங்கவில்லை, கோட்டுக்கு வெளியே போனதால் இன்னொரு தாள் தந்தார்கள். கைநாட்டு வைக்கலாமே என்று ஒரு பெண் ஜாடை காட்டினாள். நான் கைநாட்டு வைக்கிறவள் இல்லை. மூன்றாவது தாளில் அடக்கினேன். அது வருகிற நாள் வரும் என்று காத்திருந்தோம்.

அவரும் போனில் சொன்னார், "ஏட்டி, நீ வந்து என்ன செய்யப் போற? எலும்பு கூடட்டு. நீ பிள்ளையைப் பாரு. அவளுக்க பரீட்சை முடியட்டு." அடுத்த ஃபெலோஷிப்புக்கு அவள் எழுதிக்கொண்டிருந்த நேரம் அது. அவருக்கு எல்லாமே பரீட்சைதான்.

நம் வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் நாம் என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். அசையவிடமாட்டோம். தலையணை வைப்போம், கஞ்சியை வாயில் ஊட்டுவோம். ஆரஞ்சும் ஹார்லிக்சும் கொண்டு வருகிறவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று, "ஒண்ணும் செய்யாண்டாம், ரெஸ்ட் எடுங்க" என்பார்கள். தகப்பனை வலியோடு நடக்க வைக்கிற மகனை நாலு பேர் ஏசுவார்கள். படுக்கவைத்துப் பார்க்கிற மகனைப் புகழ்வார்கள். நானும் என் மாமியாரை அப்படித்தான் பார்த்தேன். நல்ல பெயரும் வாங்கினேன்.

ஷைனிக்கு மட்டும் அந்தக் கட்டிலைப் பார்க்கப் பொறுக்கவில்லை. தினமும் காலையில், ரியா பள்ளிக்குப் போகும் முன்னால், போனில் அண்ணனைப் பிடித்துக்கொள்வாள்.

"அண்ணா, இன்னைக்கு அப்பா நின்னாரா?"

"வலிக்குன்னு சொல்லுகாரு. கெடக்கட்டு, நாளைக்குப் பாப்போம்."

"நாளைக்கு இல்லண்ணா. ஒவ்வொரு நாளும் கால் போவுது. எனக்குத் தெரியும் என்ன போவுதுன்னு."

"நீ அங்க இருந்து சொல்லுவ. பேப்பர்ல எழுதுத மாதிரி இல்ல, இது ஆளாக்கும்."

வில்சனைக் குறை சொல்லவில்லை. ஆட்டோ ஓட்டுகிறவன், காலையில் போனால் இருட்டியபிறகுதான் வருவான். வந்ததும் அப்பாவைத் துடைத்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பான். மற்ற இரண்டு ஆண்பிள்ளைகளும் கல்ஃபில். பகலெல்லாம் வீட்டில் அவரும் வில்சன் மனைவி லீலாவும் மட்டும்தான்.

4

காரணம் வலி இல்லை என்பதை ஒரு நாள் லீலாதான் சொன்னாள். போனை முற்றத்துக்குக் கொண்டுபோய் மெதுவாகச் சொன்னாள்.

"மாமீ, நான் எத்தனை தடவை சொல்லியாச்சு, எனக்க தோளைப் பிடிச்சு எழும்புங்க மாமான்னு. மாமா கையைத் தர மாட்டேங்காரு. வில்சன் வரட்டுங்காரு. அவிய வரும்போ மாமாவுக்கு உறக்கம் வந்தாச்சு, நிக்க மாட்டேங்காரு."

எனக்கு உடனே புரிந்தது. எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து லீலா மாமனாரின் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்தது இல்லை. அவரும் அவள் கையிலிருந்து தேயிலைக் கிளாசை நேராக வாங்கியது இல்லை. திண்ணைத் திண்டில் வைப்பாள், எடுத்துக்கொள்வார். மரியாதைதான், பகை ஒன்றும் இல்லை. அப்படி வாழ்ந்த மனிதர் இப்போது அவள் தோளில் கையைப் போட்டு, அவள் மேல் சாய்ந்து, கழிப்பறைக்கு நடக்க வேண்டும் என்றால்?

அவர் யோசிக்காமல் பிடிக்கிற தோள் ஒன்றுதான் இருந்தது. அது ஹாமில்டனில் ரியாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தது.

ஷைனியிடம் சொன்னேன். "இது எங்க கணக்கில வராது அம்மா. நாங்க நிரப்புற தாள்ல வலி உண்டு, பயம் உண்டு, பலம் உண்டு. யாருக்க தோள்னு ஒரு கட்டம் நாங்க போடல்ல," என்றாள். மறுநாள் காலையில் லீலாவைக் கூப்பிட்டாள்.

"மைனி, தோள் வேண்டாம். அப்பா குளிச்சுத் துவட்டுற பெரிய தோர்த்தை எடுங்க. இரண்டா மடக்கி அவருக்க இடுப்பில கெட்டுங்க. நீங்க பின்னால நின்னு முடிச்சை மட்டும் பிடியுங்க. ஆளைத் தொடாண்டாம். முன்னால ஒரு நாற்காலி வச்சு அதைத் தள்ளிக்கிட்டு அவர் நடக்கட்டு."

நான் டோரதியின் இடுப்பில் கண்ட பெல்ட்தான் அது. தோர்த்தாக மாறி அமரவிளைக்குப் போனது.

இனி எழுதப்போவது ஷைனிக்குத் தெரியாதது.

5

அவர் சம்மதித்தார். தோர்த்து கட்டி, நாற்காலியைத் தள்ளி, கட்டில் கிடந்த முறியிலிருந்து நடுவறைக்கு வந்தார். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். லீலா முடிச்சைப் பிடித்தபடி "பைய, மாமா, பைய" என்று பின்னாலேயே நடந்திருக்கிறாள். மூன்றாம் தடவை வாசல்வரை போனார். விழுந்தபிறகு அன்றுதான் முற்றத்து வெயில் அவர் காலில் பட்டது.

அந்த நேரம் பார்த்து நோயாளியைச் சந்திக்க ஜெபக் கூட்டத்தார் முற்றத்தில் வந்து ஏறினார்கள். உங்களில் சிலர் அன்று அங்கே இருந்தீர்கள். ஒருவர் தமாஷாகச் சொன்னார்: "கொத்தனாருக்கு மருமவ கயிறு கெட்டியாச்சே. இனி உழவுக்கும் கொண்டுபோவாளா?"

எல்லாரும் சிரித்தீர்கள். முதலில் சிரித்தது அவர்தான் என்று லீலா சொன்னாள். அவர் குணம் அப்படி. சாரத்தில் நின்றுகொண்டே கீழே போகிறவனைக் கேலி செய்து சிரிக்க வைக்கிற ஆள். சிரித்துவிட்டு, தள்ளிக்கொண்டு வந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார். ஜெபம் முடிந்தது. ரெஸ்ட் எடுங்க என்று சொல்லிப் போனீர்கள். லீலா தோர்த்தை அவிழ்த்தாள். இருட்டியபிறகு வில்சன் வந்து தூக்கித்தான் கட்டிலில் போட்டான். பிறகு அவர் எழும்பவில்லை.

சொன்னவர் யார் என்று எழுதமாட்டேன். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அடக்கத்தன்று எல்லாரையும்விட அதிகமாக அழுதவர் அவர். நம் ஊரில் அப்படி ஒரு வார்த்தை சொல்லாமல் ஒருவரும் ஒரு வீட்டு முற்றத்தைக் கடக்கமாட்டோம். அன்று நான் அங்கே இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

வில்சனுக்கு ஆட்கள் சிரித்தது மட்டும் தெரிந்தது. தங்கையிடம் கத்தினான்: "உனக்க தோர்த்து வேலையில அப்பாவுக்கு மானம் போச்சு. இனி ஒண்ணும் சொல்லித் தராண்டாம்." அதோடு ஷைனி வாயை மூடிக்கொண்டாள். தன் யோசனைதான் அப்பாவைக் கூனிக்குறுக வைத்தது என்று அன்றிலிருந்து நினைக்கிறாள்.

மறுநாள் நான் அவரைத் தனியாகப் போனில் பிடித்தேன். ஷைனி வேலைக்குப் போயிருந்தாள். எங்கள் பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"நடந்தீங்களாமே."

"நடந்தேன். வாசல் வரைக்கும் போனேன், கேட்டியா."

"வலி உண்டா?"

"உண்டு. ஆனா கால் நிலத்தில பதிஞ்சுது. எனக்க காலுன்னு தெரிஞ்சுது. பிள்ளைக்க படிப்பு கொள்ளாம், நல்ல படிப்பு. சும்மா இல்ல, படிச்சுத்தான் வச்சிருக்கா."

"பின்ன இன்னைக்கும் நடங்க."

"இன்னைக்கு வேண்டாம்."

"ஏன்?"

"ஆளு வரும்."

"கதவை அடைச்சுப் போட்டு நடங்க."

"கதவை அடைச்சுக்கிட்டு நானும் மருமவளுமா? நீ சொல்லுதது நல்லாயிருக்கு." சிரித்தார். பிறகு, "நீ வா. நீ வந்தா நடக்கேன்," என்றார்.

"பாஸ்போர்ட் வரட்டும். உடனே வாறேன்."

"பிள்ளைகிட்ட இதைச் சொல்லாத. சொன்னா அண்ணன்கிட்ட சண்டைக்கு நிப்பா. அவளுக்குப் பரீட்சை நேரம்."

பாஸ்போர்ட் வந்தது. டிக்கெட்டும் போட்டோம். நான் புறப்படுவதற்கு முந்தின நாள், நெஞ்சில் சளி கட்டி, அவர் போய்விட்டார். படுத்தே கிடந்தால் கடைசியில் வருவது அதுதான் என்று ஷைனிக்கு முன்பே தெரியும். யாரிடமும் சொல்லவில்லை.

6

அடக்கத்துக்கு நாங்கள் வந்ததை நீங்கள் கண்டீர்கள். அவரை ஆசுபத்திரிக் குளிர்பெட்டியில் வைத்துக் காத்திருந்தீர்கள், அதற்கு நன்றி. ரியா என் சேலையைப் பிடித்துக்கொண்டு தாத்தாவின் பக்கத்தில் வரமாட்டேன் என்று நின்றதைப் பார்த்துச் சிலருக்கு வருத்தம். அவளுக்குத் தாத்தா என்றால் போனில் தெரிகிற முகம். இத்தனை பெரிய ஆளாக அவள் அவரைக் கண்டதே இல்லை.

அவள் தமிழைக் கேட்டும் நீங்கள் சிரித்தீர்கள். இங்கே சனிக்கிழமை ஒரு பள்ளிக்கூடத்தில் இலங்கைத் தமிழர்கள் தமிழ் வகுப்பு நடத்துகிறார்கள். அங்கே படிக்கிறாள். அதனால் ஆமாம் என்பதற்கு "ஓம் பாட்டி" என்பாள், பேசுகிறேன் என்பதற்கு "கதைக்கிறேன்" என்பாள். அவருக்கு அது பெரிய விளையாட்டு. "ஏட்டி, இவ எந்த ஊருப் பிள்ளை? நம்ம வீட்டில யாழ்ப்பாணம் எப்ப வந்துது?" என்று கேட்டுக் கேட்டுச் சிரிப்பார். அந்த வகுப்புக்குப் போகவும் இப்போது முன்போல் ஆசை இல்லை. நீச்சலுக்குப் போக வேண்டும் என்கிறாள். ஷைனியும் வற்புறுத்துவதில்லை. அவள் எதையுமே இப்போது வற்புறுத்துவதில்லை.

நாற்பது நாள் கழிந்ததும் நான் திரும்பி வந்ததைப் பற்றியும் பேச்சு எழுந்தது. புருஷனைக் குழியில் வைத்த கையோடு விமானம் ஏறினாள் என்று. ஆமாம், ஏறினேன். குழியில் இருக்கிறவருக்கு இனி என் தோள் வேண்டாம்.

இங்கே ஆசுபத்திரியில் ஒரு வழக்கம். பாஸ்போர்ட்டில் கடைசியில் இருக்கிற பெயரைத்தான் கூப்பிடுவார்கள். என் பெயருக்குப் பின்னால் அவர் பெயர். கல்யாணமான நாளிலிருந்து நான் வாயால் சொல்லாத பெயர். பிரஷர் பார்க்கப் போய் வரிசையில் இருப்பேன்; ஒரு வெள்ளைக்காரப் பெண் கதவைத் திறந்து "ஞானமுத்து" என்று சத்தமாகக் கூப்பிடுவாள். முன்பெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும். இப்போது அவள் கூப்பிட்டதும் உடனே எழும்புவதில்லை. இரண்டாவது தடவையும் கூப்பிடட்டும் என்று இருப்பேன்.

7

இப்போது நான் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். முதலில் உங்களுக்கு. படுத்திருக்கிறவரைப் பார்க்கப் போனால் ஆரஞ்சு கொண்டுபோங்கள், ஜெபம் செய்யுங்கள். ரெஸ்ட் எடுங்க என்று மட்டும் சொல்லாதீர்கள். எழும்பி நின்றால், நின்றது நல்லது என்று சொல்லுங்கள். யார் தோளைப் பிடித்து நிற்கிறார் என்று பார்க்காதீர்கள். பார்த்தாலும் உங்கள் வீட்டுக்குப் போய்ச் சிரியுங்கள்.

வில்சனுக்கு: நீ பார்த்ததில் ஒரு குறையும் இல்லை மக்கா. தங்கச்சியைக் கூப்பிட்டுப் பேசு. ஒரு வருடமாக நீங்கள் இரண்டு பேரும் என் வழியாகத்தான் பேசுகிறீர்கள். நான் எத்தனை நாளைக்கு நடுவில் இருப்பேன்?

மருமகள் லீலாவுக்கு: நீ பிடித்தது கயிறு இல்லை. நீ அந்த முடிச்சை விடாததால்தான் அவர் வெயிலைக் கண்டார்.

பிறகு ஷைனி. அவள் இன்னும் எங்கள் வாயிலிருந்து கேட்காததை மேலே எழுதிவிட்டேன். அவள் அப்பாவிடம் நான் கொடுத்த வாக்கு என்று இதுவரை சொல்லவில்லை. சண்டைக்கு நிற்பாள் என்று அவர் பயந்தார். இப்போது அவளிடம் சண்டைக்குக்கூட பலம் இல்லை. அப்படி இருக்க அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டு நான் என்ன செய்ய? நேரில் சொல்லப் பலமுறை வாயைத் திறந்தேன். அப்பா என்ற சொல் வந்ததும் அவள் எழுந்து போய்விடுகிறாள், அல்லது நான் அழுதுவிடுகிறேன்.

அவள் அந்த ஃபெலோஷிப்பை எடுத்தால் இன்னும் சில வருடம் இங்கே. என் வயதில் சில வருடம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். சபைக் கல்லறையில் அவர் பக்கத்தில் எனக்கு இடம் விட்டிருக்கிறார்கள். அதில் நான் வந்து படுப்பேனா, இந்தப் பனிக்குள் போவேனா, தெரியாது. தெரிந்துதான் சொல்கிறேன், எடுக்கட்டும். யாருக்க தோள் என்று ஒரு கட்டம் போடவில்லை என்றாளே, அவள் இல்லாவிட்டால் அதை யார் போடுவார்கள்? நம் முற்றத்தில் நின்று சிரித்தவர்களை அறிந்த ஒருத்திதானே போட முடியும்?

இதை உங்களுக்கு அனுப்பும் முன் எழுத்துப் பிழை பார்க்க வேண்டும். ஷைனி அடுக்களையில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டு நிற்கிறாள். கதவு பாதி சாத்தியிருக்கிறது.

ரியா, மக்கா, இஞ்ச வா. பாட்டிக்குக் கண்ணு தெரியல்ல. இதை முதல்லயிருந்து வாசிச்சுக் காட்டு. பையப் பைய வாசி, தப்பினா பரவாயில்ல. முதல்ல அந்தக் கதவை நல்லாத் திறந்து வை. சத்தமாட்டு வாசிக்கணும், என்ன?